டிரையர்காரன் வீட்டுச் சூடு

போன வாரம் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். சாலையின் கீழ் வளைவில் புதிதாக வீடு கட்டுகிறாராம். குளிருக்கு என்ன ஏற்பாடு செய்யலாம், ஹீட்டர் வாங்குவதா, கணப்பு வைப்பதா, உங்களைக் கேட்டால் தெரியும் என்று சொன்னார்கள் என்றார். என்னிடம் கேட்காதீர்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன். பாவம், நல்ல மனிதர். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை.

அவரை அனுப்பியவர்களையும் குறை சொல்ல முடியாது. சூட்டைப் பற்றி இந்த மலையில் என்னை விடத் தெரிந்தவன் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்தான். தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் டிரையர் முன்னால் நின்றிருக்கிறேன். நசுக்கிப் புளிக்கவைத்த இலை ஈரத்தோடு ஒரு பக்கம் உள்ளே போகும், கறுப்புத் தூளாக மறுபக்கம் வெளியே வரும். மெஷினில் மீட்டர் ஒன்று இருந்தது. நான் அதைப் பார்ப்பதில்லை. வெளியே விழும் தூளில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோனால் போதும், ஈரம் நின்றிருந்தாலும் தெரிந்துவிடும், கருகியிருந்தாலும் தெரிந்துவிடும். புதிதாக வரும் ஆபீசர்கள் மீட்டரைப் பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமல் என் முகத்தையும் பார்ப்பார்கள். அதில் எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் ரிட்டயர் ஆனேன், அதே திமிரோடுதான் வீடும் கட்டினேன்.

வீடு கட்டியது என் மனைவிக்காக. அவள் இல்லாத இரண்டாவது குளிர்காலம் இது.

அவள் அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். நான் சூட்டில் நின்ற வருஷங்கள் முழுக்க அவள் மழையிலும் பனியிலும் நின்றாள். காலை ஏழரைக்குப் போய் நிற்கும்போது தேயிலைச் செடி இடுப்பு வரைக்கும் நனைந்திருக்கும். பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொண்டாலும் பாவாடை நனையாமல் வீட்டுக்கு வந்த நாள் குறைவு. ஐம்பது தாண்டியதும் நெஞ்சில் சளி கட்ட ஆரம்பித்தது. டிசம்பர் பிறந்தால் இழுப்பு வந்துவிடும். குன்னூரில் ஒரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இவங்களுக்குக் குளிரும் ஆகாது, புகையும் ஆகாது. ரெண்டையும் பார்த்துக்கங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவு ஆட்டமும் ஆடினேன்.

ரிட்டயர் ஆனதும், தொழிலாளிகளுக்கு எஸ்டேட் வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கோத்தகிரி ரோட்டுக்கு மேலே சரிவில் கொஞ்சம் இடம் முன்பே வாங்கிப் போட்டிருந்தோம். இரண்டு ரூம், ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு. அஸ்திவாரம் எழும்பிய பிறகு மேஸ்திரி ஒருநாள் கேட்டார்.

"ஏனுங்க, குளுருக்கு என்ன பண்றதா உத்தேசம்? இப்பவே சொல்லீட்டீங்கன்னா சுவத்துல அதுக்குத் தக்கன வழி உட்ருவனுங்க."

ரிசார்ட்காரர்களுக்கெல்லாம் அவர்தான் கணப்பு கட்டிக் கொடுத்திருந்தார். சுவரில் மாடம் மாதிரி விட்டு, மேலே புகைக்கூண்டு வைத்து, முன்னால் கல் பதித்து, வெள்ளைக்காரன் பங்களாவில் இருக்குமே, அது. போனில் படமெல்லாம் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். "மேஸ்திரி, பாதிச் சூடு புகையோட மேல போயிரும். மீதிப் பாதி முன்னால நிக்கறவனுக்கு மூஞ்சியச் சுடும், முதுகு அப்படியே சில்லுனு இருக்கும். இதுக்கா கல்லுப் பதிக்கோணும்?" என்றேன். அதோடு, காற்று திரும்பி அடித்தால் புகை வீட்டுக்குள் வரும். டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியுமா?

திருப்பூரில் இருக்கும் மகள் போனில் வேறு யோசனை சொன்னாள். எண்ணெய் ஊற்றின ஹீட்டர் ஒன்று இருக்கிறதாம், சக்கரம் வைத்தது, எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொள்ளலாமாம். அவள் பேச்சுக்காகக் குன்னூர் பஜாருக்குப் போய்ப் பார்த்தோம். கடைக்காரர் சுவிட்சைப் போட்டார். கை வைத்துப் பார்த்தேன், சூடு ஏறுவதற்குள் அவர் ஒரு டீயே குடித்து முடித்துவிட்டார். கம்பி சிவக்கிற ஹீட்டர் ஒன்றையும் காட்டினார். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் கற்பூர மரம் லைன்மேல் சாய்ந்தால் இரண்டு நாளுக்குக் கரண்ட் இருக்காது, அப்போது இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன். "ஜெனரேட்டர் வாங்கிக்கங்க சார்" என்றார். அவரை ஒருவழி செய்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். என் மனைவி மட்டும் அந்த எண்ணெய் ஹீட்டர் பக்கத்தில் போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கூப்பிட்டதும் எழுந்து வந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அவள் தன் யோசனையைச் சொன்னாள்.

"சமையக்கட்டுல ஒரு ஓரமா வெறகடுப்பு ஒண்ணு போட்டுருங்க. எனக்கு அது போதுமுங்க."

"ஏம் புள்ள, டாக்டர் சொன்னது காதுல உழுகலயா உனக்கு? பொகையே ஆகாதுங்கறார், நீ அடுப்புக் கேக்கற."

"லைன் ஊட்டுல அடுப்புத்தான இருந்துச்சு."

"அதுலதான் உனக்கு நெஞ்சே கெட்டுப்போச்சு."

நான் ஜெயித்துவிட்டேன். என் பக்கம் டாக்டரே இருந்தார்.

எதிர் மலையில் ஒரு பழைய ஃபேக்டரியை மூடியிருந்தார்கள். அங்கிருந்து வந்த இரும்பெல்லாம் பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது. அதில் டிரையருக்குச் சூடான காற்று தருகிற அடுப்பின் குழாய்கள் கிடப்பதைப் பார்த்த அன்றைக்கே எனக்கு முடிவாகிவிட்டது. ஃபேக்டரியில் தீ ஒரு இடத்தில் எரியும், தூள் வேறு இடத்தில் காயும். புகை குழாய்க்குள்ளேயே போய்ப் புகைக்கூண்டு வழியாக வெளியேறிவிடும். குழாய்க்கு வெளியே ஓடுகிற சுத்தமான காற்று மட்டும் சூடேறி டிரையருக்கு வரும். தூளில் புகை வாசம் பட்டால் ஏலத்தில் தொடமாட்டார்கள் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. தூளுக்கு ஆகாத புகை என் மனைவிக்கும் ஆகாது. அப்படியானால் தூளுக்குச் செய்வதையே அவளுக்கும் செய்ய வேண்டியதுதானே?

சரிவு எனக்குச் சாதகமாக இருந்தது. வீட்டின் பின்பக்கம், தரைமட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் கீழே, செங்கல்லில் அடுப்பு கட்டினேன். குழாய்களைக் குன்னூரில் கொடுத்து வெல்டிங் செய்து வாங்கினேன். சூடான காற்று தானாகவே மேலே ஏறும், ஃபேன் வேண்டாம், கரண்ட் வேண்டாம். படுக்கிற ரூமிலும் ஹாலிலும் தரையில் வழி விட்டு, ஓட்டை போட்ட தகடு வைத்து மூடினேன். ஜன்னல் இடுக்குகளுக்கெல்லாம் ரப்பர் வைத்து அடைத்தேன், மேகம் உள்ளே நுழையக்கூடாது என்று. மேஸ்திரி எட்ட நின்று பார்த்துவிட்டு, "ஊடு கட்டறீங்களா, ஃபேக்டரி கட்டறீங்களா?" என்றார்.

நவம்பரில் குடிபோனோம். முதல் நாள் தீ மூட்டி அரை மணி நேரத்தில் ரூம் கதகதவென்று ஆகிவிட்டது. வெளியே பனி. உள்ளே ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி ஆட்கள் நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து தகட்டின்மேல் கையை வைத்துப் பார்த்தார்கள். ஒருவன், "அண்ணா, கட்டிலுக்கு அடில கொழுந்தப் பரப்பி உட்டீங்கன்னா காலைல டீயே போட்டுக்கலாம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த அடுப்பில் ஒரே ஒரு சங்கடம். சின்ன வாய், கொஞ்ச விறகுதான் பிடிக்கும். இருபது நிமிஷத்துக்கு ஒருதரம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்றின் சூடு இறங்கிவிடும். ஐந்து மணிக்கு வெயில் மறைந்ததும் நான் பின்பக்கப் படியில் இறங்கிவிடுவேன். அவள் தூங்குகிற வரைக்கும் அங்கேதான் இருப்பேன். விடியுமுன் மறுபடி இறங்குவேன். சீகை மரத்து விறகு நன்றாக நின்று எரியும். கவாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி சீக்கிரம் பிடிக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும். எதை முதலில் போடுவது, எதை மேலே அடுக்குவது, சாம்பலை எப்போது இழுப்பது என்று எனக்கு நேரம் போவதே தெரியாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ரிட்டயர் ஆன பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தவனுக்கு மறுபடியும் ஒரு டியூட்டி கிடைத்திருந்தது. அவளுக்காகச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன். அதில் பொய்யும் இல்லை.

முதல் வாரத்தில் அவள் சால்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு டம்ளர் டீயோடு படியிறங்கி வந்தாள். அடுப்புக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வந்தே?"

"சும்மாதானுங்க."

"உள்ள போ புள்ள. இத்தன பாடுபட்டுச் சூடு பண்றது எதுக்கு? நீ இங்க வந்து பனில குக்கியிருக்கறதுக்கா?"

டீ குடித்து முடிக்கிற வரைக்கும் இருந்துவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு அடுத்த நாளும் வந்தாள். ஒருநாள் காற்று மாறி அடித்து, அடுப்பு வாயிலிருந்து புகை அவள் பக்கம் போனது. அவள் இருமினாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "பொகை படற எடத்துல வந்து உக்காந்துட்டு, நாளைக்கு இழுத்தா ஆரு பாக்கறது? படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் ஏறாதா உனக்கு?" என்று கத்திவிட்டேன். அவள் எழுந்து போனாள். அதன் பிறகு கீழே இறங்கவில்லை. ஜன்னலைத் திறந்து டம்ளரை நீட்டுவாள். சூடு வெளியே போகிறது, ஜன்னலைத் திறக்காதே என்று அதற்கும் சத்தம் போட்டேன். பிறகு மேல் படியில் வைத்துவிட்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் ஏறிப்போய் எடுப்பதற்குள் டீ ஆறியிருக்கும்.

டிசம்பர் முழுக்க அவளுக்கு இழுப்பு வரவில்லை. என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. மகளுக்கு போன் போட்டு, உன் எண்ணெய் ஹீட்டரை நீயே வைத்துக்கொள் என்றேன். ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. நான் இன்னும் அதிகம் விறகு தள்ளினேன்.

ஒருநாள் விறகு போட்டுவிட்டுக் கை கழுவ உள்ளே வந்தேன். படுக்கிற ரூமில் தகட்டின்மேல் ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் நாற்காலி முதுகில் ஈரத்துண்டு ஒன்றைப் போட்டிருந்தாள். ஃபேக்டரியில் டிரையர் பக்கம் எவனாவது ஈரக்கோணியோடு வந்தால்கூட நான் விடமாட்டேன். முப்பத்தோரு வருஷம் நான் வேறு எதோடும் சண்டை போட்டதில்லை, ஈரத்தோடுதான். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில் கொட்டினேன்.

"நான் ஒரு பக்கம் காய வைக்கறேன், நீ ஒரு பக்கம் ஈரத்த ஏத்தறியா?"

"தொண்டை காயுதுங்க. அதான்."

"ரெண்டு நாள்ல பழகிரும்."

பழகிவிடும் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? அந்த ரூமில் நான் தூங்குகிற நேரம் தவிர இருந்ததே இல்லை. அவள் உதடு வெடித்திருந்தது, பார்த்தேன், குளிருக்கு வெடிக்கிறது என்று நினைத்தேன். தலையணை உறையில் ஒரு சொட்டு ரத்தம் இருந்தது. கேட்டதற்கு, மூக்குக் காய்ந்து லேசாக வந்தது என்றாள். ஒரு பிடித் தூளில் ஈரம் எவ்வளவு என்று முகர்ந்து சொன்னவனுக்குத் தன் வீட்டில் ஒரு மனுஷி காய்ந்துகொண்டிருந்தது தெரியவில்லை. விறகு தீர்ந்துவிடப் போகிறதே என்பதுதான் எனக்கு அப்போது கவலையாக இருந்தது.

பொங்கலுக்கு வந்த மகள் வாசலில் செருப்பைக் கழற்றியதும் கேட்டாள், "அம்மாவுக்கு மூஞ்சி ஏம்ப்பா இப்படி வறண்டு கெடக்குது?" அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் ரூமைப் பற்றி விசாரித்தார். நான் பெருமையாகத்தான் விளக்க ஆரம்பித்தேன், பாதியிலேயே எனக்குக் குரல் இறங்கிவிட்டது. ரொம்பக் காய்ந்த காற்று, தொண்டையெல்லாம் புண்ணாகியிருக்கிறது, தண்ணீர் வையுங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள் என்றார். வீட்டுக்கு வந்து, கொட்டின பாத்திரத்தை விட இரண்டு மடங்கு பெரிய அண்டாவில் நானே தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இடுக்குகளில் அடைத்த ரப்பரைப் பிய்த்துப் போட்டேன். "வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமல்ல?" என்று அவளிடம் கேட்டேன்.

"அத்தன ஆசையாப் பண்ணுனீங்க. எப்படீங்க சொல்றது?"

சொன்னாள்தான். தொண்டை காய்கிறது என்று சொன்னாள், கேட்டவன் நான்.

பிப்ரவரியில் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் மூச்சுத் திணறியது. குன்னூரில் பார்த்துவிட்டு, கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அடுப்பினாலா என்று பின்னால் குன்னூர் டாக்டரிடம் நேராகவே கேட்டேன். வயசு, பழைய சளி, அதன்மேல் கிருமி, ஒன்றை மட்டும் சொல்ல முடியாது என்றார். என் மனது கஷ்டப்படக்கூடாது என்று சொன்னாரா, உண்மையே அதுதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மலையிறங்கி மேட்டுப்பாளையம் தாண்டும்போதே புழுங்கியது. நான் ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். வார்டில் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. முதல் மூன்று நாள் எனக்கு நிலைகொள்ளவில்லை. சிஸ்டரிடம் போய் வெந்நீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கம்பளி கொண்டுவரட்டுமா என்றேன், "இந்த வெக்கையிலயா ஐயா?" என்றார். வராந்தாவில் நடந்தேன், கீழே இறங்கி டீ குடித்தேன், மறுபடி மேலே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். அவள் பேசவேண்டும் என்றால் மாஸ்க்கைக் கையால் கொஞ்சம் விலக்கிக்கொள்வாள்.

நாலாம் நாள் காலையில் அப்படி விலக்கிக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். பேரனுக்கு ஸ்கூலில் இடம் கிடைத்ததா என்று கேட்டாள். லைனில் எங்களுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த பெண்ணின் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள், அதெல்லாம் நடந்து மூன்று மாசம் ஆகியிருந்தது, எனக்கு எதுவுமே தெரிந்திருக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டில் குறை சொன்னதையும், பெண்ணின் அம்மா அவர்களை ஒரு வார்த்தையில் அடக்கியதையும் மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லிச் சிரித்தாள். நர்ஸ் வந்து ரொம்பப் பேசவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் இவள் இந்தப் பக்கம் மறுபடி மாஸ்க்கை விலக்கினாள். நாங்கள் அப்படி உட்கார்ந்து பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. ஜன்னலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இந்த ஊருக்கு மொதல்லயே வந்திருக்கலாமுங்க" என்றாள்.

"ஆமா புள்ள" என்றேன். "இங்க குளுரே இல்ல. உன் நெஞ்சுக்கு இதுதான் ஒத்துக்கும். எனக்குத்தான் அப்பத் தோணாமப் போச்சு."

அவள் மறுபடி மாஸ்க்கை விலக்கினாள்.

"குளுருக்குச் சொல்லலீங்க" என்றாள். "இங்க நீங்க வெளிய போயி நிக்க வேண்டியதில்ல."

நவம்பரிலிருந்து காய்ச்சல் வந்த நாள் வரைக்கும் ஒவ்வொரு சாயங்காலமும் அவள் அந்தச் சூடான ரூமில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் நான் விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்தவளையும் நான்தான் விரட்டினேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன், சொல்லத் தெரியவில்லை. அவளே மாஸ்க்கை மூக்கின்மேல் சரிசெய்துகொண்டு, கையைக் கட்டிலின் ஓரத்தில், எனக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். ஸ்டூலை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்களுக்கு ஏழு நாள் இருந்தது.